ஆழம் பாகத்தில் தரப்படவேண்டும்

தூத்துக்குடி,
26-2-1979.

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு, கிருபாபாய் எழுதிக்கொள்வது. இங்கு நானும், நாசரேத்தில் மாமாவும் மற்றவர்களும் சுகம். தங்கள் சுகத்துக்கு நாள்தோறும் ஜெபிக்கிறோம்.

நீங்கள் பதின்மூன்றாம் தேதி போட்ட கடிதம் வியாழக்கிழமை கைக்குக் கிடைத்தது. பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் மாதத்தில் நாசரேத்தில் பாட்டுக்காரர்களோடு தெருவைச் சுற்றவே தலையில் மப்ளர் கட்டிக்கொண்ட ஆள் நீங்கள். அங்கே என்ன பாடுபடுகிறீர்களோ என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமாகவும் இருக்கிறது. கம்பளிக்கு உள்ளே பனியன் போட மறக்காதீர்கள்.

போன வாரம் மாமா வந்திருந்தார்கள். அமெரிக்காக்காரன் எதற்காக என் மகனைக் கூப்பிட்டான் என்று கேட்டார்கள். வாயால் சொல்லிப் புரியாது என்று ஆபீசுக்கே கூட்டிக்கொண்டு போனேன். சுந்தரராஜ் சார் நல்ல மனநிலையில் இருந்ததால் கம்ப்யூட்டர் அறைக்குள் விட்டார். நான் சொன்னது இதுதான். ஒவ்வொரு புரோகிராமிலும் இரண்டு வகை வரி இருக்கிறது மாமா. ஒன்று எந்திரத்துக்கு, அது கணக்கு. இன்னொன்று மனிதருக்கு, இந்தக் கணக்கு எதற்கு, இதில் எதைப் போடவேண்டும் என்று விளக்கும் குறிப்பு வரி. குறிப்பு வரியை எந்திரம் படிப்பதே இல்லை, தாண்டிப் போய்விடும். உங்கள் மகன் என்ன செய்தார் என்றால், டெலிடைப்பில் "புக்" என்று ஒரு சொல்லையும் புரோகிராமின் பெயரையும் தட்டினால் போதும், அந்தக் குறிப்பு வரிகளை எல்லாம் எந்திரமே பொறுக்கி, பக்கம் பிரித்து, பொருளடக்கம் போட்டு, புத்தகமாக அடித்துத் தந்துவிடும். மற்ற இடங்களில் நான்கு பேர் உட்கார்ந்து ஆறு மாதம் எழுதுவது இங்கே பத்து நிமிடம்.

தட்டியும் காட்டினேன். காகிதம் வர வர மாமா பள்ளிக்கூட நோட்டுத் திருத்துவதுபோல விரலை வைத்துப் படித்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் பெயர் தானாக விழும்படி எழுதி வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அந்தப் பெயர் விஷயத்தில் உங்களை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனி வருத்தமான செய்தி. நம் ஆபீஸ் படகில் போய் முத்துக்குளிக்கிற அம்புரோஸ் அண்ணன் வெள்ளிக்கிழமை அடிபட்டுவிட்டார். அடி என்று சொல்வதும் சரியில்லை, காயம் எதுவும் இல்லை. கடலடியில் ஒரு புதுப் பாரில் முத்துச்சிப்பி இருக்கிறதா என்று பார்க்க, வாயில் காற்றுக்குழாய் கட்டி இறங்கியிருக்கிறார். ஏறி வந்தபோது நன்றாகத்தான் பேசினாராம். அரை மணி கழித்துத் தோள் வலிக்கிறது என்றிருக்கிறார். கரைக்கு வருவதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உடம்பில் காற்று குமிழ் குமிழாகத் தங்கிவிட்டது, அதிக நேரம் ஆழத்தில் இருந்திருக்கிறார் என்கிறார் டாக்டர். அதைச் சரிசெய்யும் அழுத்த அறை இந்தப் பக்கம் எங்கும் இல்லையாம். இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோகும் நிலைமையிலும் அவர் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று சீலா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாரே, அந்தத் தோள்தான் முதலில் வலித்திருக்கிறது. அவர் மனைவி பேபி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருக்கிறாள். ஆபீசில் எல்லாரும் நயினார் அண்ணாச்சியைத்தான் சொல்கிறார்கள். படகில் நேரம் பார்ப்பது அவர் பொறுப்பு, அசந்துவிட்டார் என்கிறார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. அவர் எவ்வளவு கவனமான மனிதர் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மூன்று நாள் முன்புகூட என்னைத் தேடி வந்தார். தினமும் அவர் ஆழத்தை எழுதித் தருகிற சீட்டைத்தானே நான் தட்டுகிறேன், எந்திரம் இத்தனை நிமிடம் அடியில் இருக்கலாம் என்று அடித்துத் தருகிறது. முன்னே பதினொரு பாக ஆழத்துக்கு ஐம்பது நிமிடம் கொடுத்தது இப்போது இருநூறு கொடுக்கிறதே, அளவை எதுவும் மாற்றிவிட்டார்களா, மீட்டர் மீட்டர் என்று பேச்சு அடிபடுகிறதே என்று கேட்டார். நீங்கள் போகும்போது புது அட்டவணை போட்டிருப்பதாகச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. இருந்தாலும், சந்தேகம் வந்தால் என்னைக் கேட்காதே, புத்தகத்தைக் கேள் என்பீர்களே, அதன்படி அப்போதே ஒரு புதுப் பிரதி அடித்துக் காட்டினேன். "ஆழம் பாகத்தில் தரப்படவேண்டும்" என்று தெளிவாக இருந்தது. அண்ணாச்சிக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. அந்த வரியில் விரலை வைத்து, "இது புத்தகம் சொல்லுதா, நீங்க சொல்லுதியளா?" என்று கேட்டார். புத்தகம்தான் சொல்கிறது அண்ணாச்சி என்றேன். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அப்படிப்பட்டவரை அசந்துவிட்டார் என்று சொன்னால் எப்படி?

நாளை மறுநாள் லெந்து உபவாசக் காலம் தொடங்குகிறது. அம்புரோஸ் அண்ணனுக்காக ஜெபியுங்கள். அவர் மாதா கோயில்காரர், நம் சபை இல்லை என்று பார்க்கவேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
கிருபாபாய்.


தூத்துக்குடி,
17-3-1979.

பிரியமான அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். அறைத் தோழருக்குத் தமிழ் தெரியாது என்றாலும், உங்கள் முகம் தெரியும் அல்லவா.

அம்புரோஸ் அண்ணனுக்கு இன்னும் காலில் அசைவு இல்லை. நேற்று பார்க்கப் போனேன். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். எஸ்றா தம்பியிடமிருந்து தாக்கல் வந்ததா, அங்கே கடல் எப்படியாம் என்று உங்களைப் பற்றித்தான் கேட்டார். அவரிடம் நான் என்ன சொல்ல. பேபிதான் பேசிக்கொண்டே இருந்தாள். "கால் போனாலும் போட்டும் யக்கா, ஆள் இருக்காவள்ளா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கையை இழுத்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நயினார் அண்ணாச்சியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை, ஏப்ரல் பதினெட்டாம் தேதி விசாரணை. எந்திரம் கொடுத்த இருநூறு நிமிடத்துக்குள் இரண்டு மணி பத்து நிமிடம்தான் வைத்திருந்தேன் என்று அவர் சொல்கிறார். எந்திரம் தப்பாகச் சொல்லாது, இவர்தான் ஆழத்தைத் தப்பாக அளந்திருப்பார் என்கிறார் சுந்தரராஜ் சார். முப்பது வருஷமாக ஈயக்குண்டு கட்டின கயிற்றைக் கை விரித்து அளக்கிற மனிதர். அவருக்கு அளக்கத் தெரியாதாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. போன சனிக்கிழமை டெலிடைப்பில் "புக்" என்று தட்டாமல், அந்தப் புரோகிராம் முழுவதையும், கணக்கு வரிகளோடு, அடித்து எடுத்தேன். புரோகிராம் எழுத எனக்கு வராது. ஆனால் மூன்று வருஷம் உங்கள் தாள்களைத் தட்டியவளுக்கு எது எங்கே இருக்கும் என்று தெரியாதா. அட்டவணை அடிக்கணக்கில் இருக்கிறது. ஒரு பாகத்துக்கு ஆறு அடி. அதனால் ஆழத்தை ஆறால் பெருக்குகிற வரி ஒன்று இருக்கும். நானே தட்டியது. அந்த வரியில் இப்போது ஆறு இல்லை அத்தான். மூன்று புள்ளி இரண்டு எட்டு இருக்கிறது. அது மீட்டருக்கு உள்ள கணக்கு. அதற்கு நேர் மேலே உள்ள குறிப்பு வரி மட்டும் பழையபடி பாகம் என்று நிற்கிறது.

அறுபத்தாறு அடியில் இறங்கிய மனிதரை எந்திரம் முப்பத்தாறு அடியில் இருப்பதாக நினைத்திருக்கிறது. அந்தப் பதினொன்றைத் தட்டியது என் விரல்.

நீங்கள் கிளம்பிய ஜனவரி பத்தொன்பதாம் தேதியை யோசித்துப் பார்த்தேன். ஜீப் வாசலில் நிற்கிறது, மாமா ஜெபம் பண்ணக் காத்திருக்கிறார்கள், நீங்கள் ஆபீசில் பத்து நிமிட வேலை இருக்கிறது என்று ஓடினீர்கள். புது வரைபடம் எல்லாம் மீட்டரில் வருகிறது, மாற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று சுந்தரராஜ் சார் ஒரு மாதமாக உங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கணக்கை மாற்றிவிட்டீர்கள். குறிப்பை மாற்ற நேரம் இல்லை. படகுக்காரர்களிடம் சொல்லவும் நேரம் இல்லை. சார் சொல்லுவார் என்று நீங்களும், நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று சாரும் இருந்திருப்பீர்கள். இந்த மாற்றம்தான் நீங்கள் சொன்ன புது அட்டவணையா?

உங்கள் மேல் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இருக்கிறதுதான். அதைவிட என் மேல்தான் அதிகம். கேட்க வந்த மனிதரிடம் புத்தகம் சொல்கிறது என்றேன். புத்தகத்துக்கு என்ன தெரியும்? நாம் எழுதி வைத்ததைத்தானே அது அடிக்கும். கணக்கைப் பார்த்து எழுதுகிற மாதிரி நான் நம்பிவிட்டேன். அது கணக்கைப் பார்ப்பதே இல்லை என்று மாமாவுக்கு நானே விளக்கிவிட்டு, அதையே நம்பியிருக்கிறேன். விளக்கின வாய்க்கும் நம்பின மனசுக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று.

இப்போதைக்குக் கடலில் இறங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் வேறு யாருக்கும் ஆபத்து இல்லை. ஆபீசில் இந்தப் புரோகிராமைப் படித்துச் சொல்ல வேறு ஆள் கிடையாது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நீங்கள் சுந்தரராஜ் சாருக்கு நேராக ஒரு கடிதம் எழுதினால் நயினார் அண்ணாச்சி தப்பித்துக்கொள்வார். பதினெட்டாம் தேதிக்குள் வந்து சேரவேண்டும். நான் சொல்வதைவிட நீங்கள் சொல்வதுதான் முறை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் கஷ்டமாக இருக்கிறது.

சாப்பிடப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான்.

தங்கள்,
கிருபாபாய்.


தூத்துக்குடி,
10-4-1979.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் நான்காம் தேதி வந்தது. அதே வாரம் மாமாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அடுத்த நாளே பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எந்த வரியில் எந்தச் சொல்லை மாற்றவேண்டும், மாற்றியபின் எந்தக் கட்டளையைத் தட்டவேண்டும், சுந்தரராஜ் சார் அறையில் ஒன்று, படகில் ஒன்று, என்னிடம் ஒன்று என்று இருக்கிற மூன்று பழைய பிரதிகளை எப்படி எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவேண்டும் என்று எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தெளிவு. பாகம் என்கிற ஒரே ஒரு சொல்தானே, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு புத்தகம் மீட்டர் என்று சொல்லும், அண்ணாச்சி பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று ஆகிவிடும், அவருக்கு ஓய்வு பெறும் வயதுதான், பெரிய நஷ்டமில்லை என்கிறீர்கள். அங்கே உங்கள் கம்பெனி அந்தப் "புக்" புரோகிராமை எல்லாருக்கும் விற்கப்போவதாகவும், இந்த நேரத்தில் பெயர் கெட்டால் திரும்பி வரவேண்டியதுதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜூன் மாதம் நான் அங்கே வருவதற்கு விசா வேலை நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அம்புரோஸ் அண்ணனின் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எங்கேயும் கேட்கவில்லை. மடித்த ஓரங்களில்கூடத் தேடிப் பார்த்துவிட்டேன்.

மாமா என்னை உட்காரவைத்து முதலில் ஜெபம் பண்ணினார்கள். பிறகு, பெண்சாதி என்பவள் புருஷனுடைய பெயரைக் காக்கவேண்டியவள் என்றார்கள். என் மகன் தெரிந்து செய்யவில்லை என்றார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன் மாமா, தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்து செய்யச் சொல்கிறாரே என்றேன். அதோடு அவர்கள் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள். பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, அவன் பெயர் விழுந்த பக்கத்தை ஏன்தான் அன்றைக்குப் படித்தேனோ என்று மட்டும் சொன்னார்கள். வயதான மனிதரை இப்படிக் கலங்க வைத்துவிட்டோமே என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

நேற்றுக் காலை நயினார் அண்ணாச்சி ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். உள்ளே விட அனுமதி இல்லை. அந்தப் பக்கத்தை இன்னும் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறார். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துவிட்டது. விசாரணையில் இதைக் காட்டலாமா, இல்லை எனக்கு ஏதும் தொந்தரவு வருமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறார் அத்தான். என் பெயர் வெளியே வந்துவிடக்கூடாதே என்று இத்தனை நாள் அதை அவர் யாரிடமும் காட்டவில்லை. புத்தகம் சொல்கிறது என்று நான் சொன்னதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் மாற்றச் சொல்லி எண் போட்ட மூன்று பிரதிகளில் இந்த நான்காவது பக்கம் இல்லை. அதை அவரிடமிருந்து நான் வாங்கிக் கிழித்துப் போட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பார். அதுதான் என்னைக் கொன்றது. பத்திரமாக வைத்திருங்கள் அண்ணாச்சி, புதன்கிழமை கட்டாயம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நேராக டெலிடைப்பில் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னபடியே அந்தக் குறிப்பு வரியைத் திறந்தேன். பாகம் என்பதை எடுத்துவிட்டு மீட்டர் என்று போட்டேன். அது அவசியம், நாளைக்கு வேறு ஒருவர் இறங்குவார். அதோடு நிறுத்தவில்லை. அதன் கீழே, குறிப்பு வரிகளாகவே, உங்கள் எந்திரத்துக்குத் தெரிந்த பெரிய எழுத்து ஆங்கிலத்தில் தட்டினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

1979 ஜனவரி 19 முதல் ஏப்ரல் 9 வரை மேலே உள்ள வரியில் பாகம் என்று தவறாக இருந்தது. ஜனவரி 19 அன்று கணக்கை மீட்டருக்கு மாற்றியவர் எஸ்றா. குறிப்பை மாற்றவில்லை. பிப்ரவரி 20 அன்று நயினார் சந்தேகம் கேட்டார். கணக்கைப் பார்க்காமல் குறிப்பைக் காட்டி அனுப்பியவர் கிருபாபாய். பிப்ரவரி 23 அன்று பதினொரு பாகத்தில் அம்புரோஸ் இரண்டு மணி பத்து நிமிடம் இருந்தார். நயினார் அளந்த ஆழம் சரி.

பிறகு "புக்" என்று தட்டினேன். உங்கள் புரோகிராம் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சடித்தது. பொருளடக்கத்திலும் தலைப்பாகப் போட்டுவிட்டது. எழுதி வைத்ததைத்தான் அது அடிக்கும் என்று போன கடிதத்தில் குறையாக எழுதினேன். நேற்று அதற்காக ஸ்தோத்திரம் சொன்னேன். மூன்று பிரதி அடித்து, ஒன்றைச் சுந்தரராஜ் சார் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பழையதையும் கிழிக்கவில்லை, பக்கத்திலேயே வைத்தேன். இன்றைக்கு மத்தியானம்வரை அவர் என்னைக் கூப்பிடவில்லை. அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. மீட்டரைப் படகுக்காரர்களிடம் சொல்லாத பங்கு அவருக்கும் உண்டு, அது அவருக்கே தெரியும். வேலை போகும் என்றுதான் நினைக்கிறேன். போகட்டும்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். அம்புரோஸ் அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இடுப்புக்கு மேலே மட்டும்தான் அவரால் திரும்ப முடிகிறது. பேபி என் கையைப் பிடிக்கவில்லை. நான் வெளியே வந்தபோது, நான் கொண்டுபோயிருந்த ஆரஞ்சுப்பழப் பையைப் பின்னாலேயே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது விசாரணை முடிந்திருக்கும். தடுக்கவேண்டும் என்று நினைத்தாலும் உங்களால் முடியாது. அப்படி நாள் பார்த்தே போடுகிறேன், மன்னியுங்கள். உங்களை விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நீங்கள் திரும்பி வந்தால் அதே வீடு, அதே நான். நீங்கள் அங்கேயே இருந்தாலும் நான் வருவேன். ஆனால் டிக்கெட்டைப் பற்றி எனக்கு எழுதுவதற்கு முன்னால் அம்புரோஸ் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மன்னிப்புக் கேட்கத் தெரியாவிட்டால் கால் எப்படி இருக்கிறது என்றாவது கேளுங்கள். அதைப் படித்துக் காட்ட நான் போகிறேன், அவர்கள் உள்ளே விட்டால்.

வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி. கல்வாரியில் நின்ற தேவன் உங்களுக்குத் தைரியத்தைத் தருவாராக. குளிருக்குப் பனியனை விடாமல் போடுங்கள்.

அந்தப் பக்கத்தின் ஒரு பிரதியை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். அடியில் உங்கள் பெயர் எப்போதும்போலத் தானாக விழுந்திருக்கிறது. அது தனியாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அதற்குக் கீழே என் பெயரை நானே தட்டினேன்.

உங்கள்,
கிருபாபாய்.